வைப்புக் காப்புறுதிக்கு விண்ணப்பம் தேவையில்லை. வங்கிப் படிவம் பிழையில்லாமல் இருந்தால் போதும்

ஆசிரியர் அவர்களுக்கு,

பெரும்போக நெல் விற்ற காசு வங்கிகளுக்கும் பினான்ஸ் கம்பனிகளுக்கும் போய்ச் சேரும் காலத்தில், மட்டக்களப்பு மாவட்டத்தின் எழுவான்கரையிலும் படுவான்கரையிலும், அம்பாறை மாவட்டத்தின் கல்முனை, அக்கரைப்பற்றுப் பக்கத்திலும் ஒரே கேள்வி திரும்பத் திரும்பக் கேட்கப்படுகிறது. “கம்பனி மூடிப்போனால் அரசாங்கம் காசு தருமாம், அதற்கு எந்தப் படிவம் நிரப்பவேணும்?” வைப்பாளர் முன்கூட்டியே நிரப்பிக் கொடுக்கவேண்டிய படிவம் என்று ஒன்றும் கிடையாது. அந்தக் காசைத் தரும் வைப்புக் காப்புறுதித் திட்டத்தில் சேர்த்துவிடுகிறோம் என்று சொல்லி யாராவது படிவமும் கட்டணமும் கொண்டுவந்தால் அது மோசடி. உண்மையில் பணத்தைக் காப்பாற்றுவது கணக்குத் திறக்கும் அன்று அவசர அவசரமாகக் கையொப்பம் வைத்துக் கொடுக்கும் படிவம்தான். அதைத்தான் எவரும் இரண்டாம் தடவை பார்ப்பதில்லை. இந்தக் கடிதம் அதைப் பற்றியது.

இலங்கை வைப்புக் காப்புறுதித் திட்டம் 2010 ஒக்டோபர் 1 ஆம் திகதி தொடங்கியது. இப்போது அது 2023 ஆம் ஆண்டின் 17 ஆம் இலக்க வங்கித்தொழில் (சிறப்பேற்பாடுகள்) சட்டத்தின் கீழ் மத்திய வங்கியால் நடத்தப்படுகிறது. உரிமம்பெற்ற வர்த்தக வங்கிகள், உரிமம்பெற்ற சிறப்பியல்புவாய்ந்த வங்கிகள், உரிமம்பெற்ற நிதிக் கம்பனிகள் ஆகிய மூன்று வகையினரும் இதில் கட்டாய உறுப்பினர்கள். விருப்பமிருந்தால் சேரலாம், இல்லாவிட்டால் விடலாம் என்ற பேச்சே இல்லை. காப்புறுதிக் கட்டணத்தை நிறுவனமே தன் வைப்புகளின் மொத்தத்தைக் கணக்கிட்டுக் கட்டவேண்டும். திட்டம் தொடங்கியபோது நிதிக் கம்பனிகளுக்கு அது ஆண்டுக்கு 0.15 சதவீதமாக இருந்தது. 100 ரூபாய் வைப்புக்கு 15 சதம். வைப்பாளரிடம் இதற்கென்று ஒரு சதமும் அறவிட முடியாது.

தொகை பற்றியும் பழைய கணக்குகள் இன்னும் ஊரில் உலவுகின்றன. ஆரம்பத்தில் 2 இலட்சம். 2015 இல் 3 இலட்சம், 2018 இல் 6 இலட்சம் என்று கூடி, 2021 ஏப்ரல் 1 முதல் 11 இலட்சம் ரூபாய். இது ஒரு வைப்பாளருக்கு ஒரு நிறுவனத்தில் கிடைக்கும் உச்ச அளவு. கணக்குக்கு 11 இலட்சம் என்றோ கிளைக்கு 11 இலட்சம் என்றோ நினைத்துவிடக்கூடாது. ஒரே கம்பனியின் மட்டக்களப்புக் கிளையில் 8 இலட்சமும் களுவாஞ்சிக்குடிக் கிளையில் 7 இலட்சமும் வைத்திருப்பவருக்கு மொத்தம் 15 இலட்சம். அதில் 4 இலட்சம் காப்புறுதிக்கு வெளியே நிற்கும். சேமிப்பு, நடைமுறைக் கணக்கு, நிலையான வைப்பு எல்லாம் ஒன்றாகக் கூட்டப்படும். சேர்ந்த வட்டியும் அதே உச்சத்துக்குள்தான். ஆகவே முதிர்வில் வட்டி எடுக்கும் விதத்தில் சரியாக 11 இலட்சத்தை வைப்பிலிட்டால் சேரும் வட்டி முழுவதும் எல்லைக்கு வெளியே போகும். 10 இலட்சத்துக்கு மேல் போகாமல் வைத்து, மீதியை வேறொரு நிறுவனத்தில் வைப்பதே புத்தி. வெளிநாட்டு நாணயக் கணக்குகளும் இதில் அடங்கும்; இழப்பீடு ரூபாயில் கிடைக்கும். மத்திய கிழக்கில் உழைத்து அனுப்பும் காசை டொலரில் வைத்திருக்கும் குடும்பங்கள் இதைக் கவனிக்கவேண்டும்.

எந்த நிறுவனம் உள்ளே, எது வெளியே என்பதில்தான் எங்கள் இரு மாவட்டங்களிலும் குழப்பம் அதிகம். காரணம் பெயர்கள். பிரதேச அபிவிருத்தி வங்கி உரிமம்பெற்ற சிறப்பியல்புவாய்ந்த வங்கி; அது உள்ளே. பலநோக்குக் கூட்டுறவுச் சங்கம் நடத்தும் கூட்டுறவுக் கிராமிய வங்கி வெளியே. பெயரில் வங்கி இருந்தாலும் அது மாகாணக் கூட்டுறவு அபிவிருத்தித் திணைக்களத்தின் கீழ் வருவது. மத்திய வங்கி அதை மேற்பார்வை செய்வதில்லை. சமுர்த்தி வங்கியும் அப்படியே. அது சமுர்த்தி அபிவிருத்தித் திணைக்களத்துக்கு உரியது. ஊரிலுள்ள சிக்கன கடனுதவு கூட்டுறவுச் சங்கம் வெளியே, ஆனால் சணச அபிவிருத்தி வங்கி உள்ளே. இரண்டின் பெயர்ப்பலகையும் ஏறக்குறைய ஒன்றாகத் தெரிவதால் பலர் இதில் தவறுகிறார்கள். 2016 ஆம் ஆண்டின் 6 ஆம் இலக்க நுண்நிதியச் சட்டத்தின் கீழ் உரிமம் பெற்ற கம்பனிகளை மத்திய வங்கி மேற்பார்வை செய்தாலும் அவை காப்புறுதித் திட்டத்தில் உறுப்பினர் அல்ல. மத்திய வங்கியில் பதிவு என்ற ஒரு வரியை அறிவித்தல் பலகையில் பார்த்ததும் நிம்மதி அடைந்துவிடக்கூடாது. எந்தச் சட்டத்தின் கீழ், எந்த வகை உரிமம் என்று கேட்கவேண்டும். லீசிங் மட்டும் செய்யப் பதிவு பெற்ற கம்பனிக்கு வைப்பு வாங்கவே அனுமதி இல்லை.

கூட்டுறவுச் சங்கத்திலோ சமுர்த்தியிலோ காசு வைப்பது தவறு என்று இதற்குப் பொருள் இல்லை. எத்தனையோ ஏழைக் குடும்பங்களுக்கு அவைதான் கைகொடுக்கின்றன. ஆனால் அங்கே வைத்த பணத்துக்கு 11 இலட்ச உத்தரவாதம் இருக்கிறது என்று எண்ணிக்கொண்டு வைப்பது வேறு விடயம். தபாலகத்தில் போடும் தேசிய சேமிப்பு வங்கிச் சேமிப்புக்கு 1971 ஆம் ஆண்டின் அவ்வங்கிச் சட்டத்தின் மூலமே அரசாங்கத்தின் முழு உத்தரவாதமும் உண்டு. அது தனி வகை. சீட்டு, பிரமிட் திட்டம், மாதம் பத்து வீதம் தருகிறோம் என்று வட்ஸ்அப்பில் வருபவை எதற்கும் எந்த உத்தரவாதமும் இல்லை. பிரமிட் திட்டம் 1988 ஆம் ஆண்டின் 30 ஆம் இலக்க வங்கித்தொழில் சட்டத்தின் 83இ பிரிவின்படி குற்றம். நடத்துபவருக்கு மட்டுமல்ல, ஆள் சேர்த்துவிடுபவருக்கும்.

உள்ளே இருக்கும் நிறுவனத்திலும் எல்லாப் பணமும் வைப்பு ஆகிவிடாது. கம்பனிக்குக் கடனாகக் கொடுக்கும் தொகுதிக்கடன் பத்திரம், பங்கு, பலரின் காசைச் சேர்த்து முதலிடும் அலகு நம்பிக்கை நிதியம் ஆகியவை ஒரே கருமபீடத்தில், ஒரே உத்தியோகத்தரால், சில வேளை ஒரே நிறத் தாளில் விற்கப்பட்டாலும் காப்புறுதிக்குள் வரா. பணிப்பாளர்கள், முகாமைத்துவத்தின் உயர்நிலை அலுவலர்கள், அவர்களோடு தொடர்புடைய தரப்பினர் ஆகியோரின் வைப்புகளும், அரசாங்கம், மாகாண சபை, உள்ளூராட்சி மன்றங்களின் வைப்புகளும் விலக்கு. சாதாரண மக்களை அதிகம் தொடுவது இன்னொரு விலக்கு: கடனுக்குப் பிணையாக வைத்த வைப்பு. உழவு இயந்திரத்துக்கோ வள்ளத்துக்கோ கடன் எடுக்கும்போது நிலையான வைப்பைப் பிணை வைப்பது எங்கள் பக்கத்தில் வழமை. கடன் கட்டி முடிந்த பிறகும் நிறுவனத்தின் பதிவில் அந்தப் பிணை நீக்கப்படாமல் கிடந்தால், அந்த வைப்பு விலக்குப் பட்டியலிலேயே நிற்கும். கடைசித் தவணை கட்டிய அன்றே பிணை நீக்கியதாக எழுத்தில் ஒரு கடிதம் எடுத்து வைப்புச் சான்றிதழோடு சேர்த்து வைத்துக்கொள்ள வேண்டும்.

இனி அந்தக் கணக்குத் திறக்கும் படிவம். உரிமம் இரத்தாகும் நாளில், யாருக்கு எவ்வளவு என்ற பட்டியல் நிறுவனத்தின் பதிவுகளிலிருந்துதான் எடுக்கப்படும். அந்தப் பதிவு படிவத்திலிருந்து ஏறியது. படிவத்தில் உள்ள பிழை அப்படியே பட்டியலிலும் இருக்கும்.

முதலில் பெயர். தகப்பன் பெயரை முதலெழுத்தாகப் போடும் எங்கள் வழக்கமும், திருமணத்துக்குப் பின் பெண்கள் கணவன் பெயரின் முதலெழுத்துக்கு மாறுவதும், முஸ்லிம் பெயர்களை ஆங்கிலத்தில் நாலு விதமாக எழுதுவதும் ஒரே ஆளை மூன்று ஆளாக்கிவிடும். தேசிய அடையாள அட்டையில் உள்ள முழுப் பெயர், எழுத்து மாறாமல், கணக்கிலும் இருக்கவேண்டும். திருமணத்துக்கு முந்திய பெயரில் கணக்கு இருந்தால் விவாகச் சான்றிதழின் பிரதியைக் கொடுத்து இப்போதே மாற்றுங்கள். பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்துக்கும் அடையாள அட்டைக்கும் பெயர் வேறாக இருந்தால் இருவரும் ஒருவரே என்று சமாதான நீதவான் முன்னிலையில் சத்தியக் கடதாசி முடித்துக் கோவையில் சேர்ப்பித்துவிடுவது நல்லது. நிறுவனம் இயங்கிக்கொண்டிருக்கும்போது ஒரு பின்னேரத்தில் முடியும் வேலை இது. மூடிய பிறகு ஆவணம் ஒவ்வொன்றாகக் கேட்டு மாதக்கணக்கில் இழுபடும். 1978 சூறாவளியிலும் 2004 சுனாமியிலும் ஆவணங்களை இழந்து, பிறகு புதிதாக எடுத்தவர்கள் இதில் இருமடங்கு கவனமாக இருக்கவேண்டும். பழைய கணக்குப் பழைய விபரத்திலும் புதுக் கணக்குப் புது விபரத்திலும் கிடக்கும்.

அடுத்தது அடையாள அட்டை இலக்கம். பழைய இலக்கத்தில் 9 எண்களும் ஓர் எழுத்தும். புதியதில் 12 எண்கள். பழையதன் முன்னால் 19 சேர்த்து, முதல் ஐந்து எண்களுக்கு அடுத்ததாக ஒரு பூச்சியம் நுழைத்து, கடைசி எழுத்தை விட்டால் புதிய இலக்கம் கிடைக்கும். சேமிப்புக் கணக்கு பழைய இலக்கத்திலும் பிறகு போட்ட நிலையான வைப்பு புதிய இலக்கத்திலும் இருந்தால் கணினி இரண்டு வைப்பாளர்களாக எடுக்கலாம். அதனால் இரண்டு 11 இலட்சம் கிடைக்கும் என்று மனப்பால் குடிக்க வேண்டாம். கோரிக்கையைச் சரிபார்க்கும்போது பொருந்தாமல் ஒதுக்கி வைக்கப்படுவதே நடக்கும். எழுதும்போது பிழை விழுந்ததா என்று பார்க்க ஒரு வழி: பிறந்த ஆண்டுக்கு அடுத்து வரும் மூன்று எண்கள் பெண்களுக்கு 500 க்கு மேலாக இருக்கும், ஆண்களுக்கு 366 ஐத் தாண்டாது.

கூட்டுக் கணக்கில் எல்லோருடைய பெயரும் இலக்கமும் கையொப்பமும் முழுமையாக இருக்கவேண்டும். “இருவரில் எவராவது ஒருவர்” இயக்கலாமா, “இருவரும் சேர்ந்து” மட்டும்தானா என்ற கட்டத்தைப் பெரும்பாலும் உத்தியோகத்தரே அடையாளமிட்டு விடுகிறார். மகள் குவைத்திலும் தாய் வாழைச்சேனையிலும் இருக்கும்போது இந்த ஒரு கட்டம் எல்லாவற்றையும் தீர்மானிக்கும். வெளிநாட்டில் இருப்பவர் கணக்கை இங்குள்ளவர் பார்ப்பதானால், இலங்கைத் தூதரகத்தில் அத்தாட்சிப்படுத்திய அற்றோணித் தத்துவம் (ஒருவருக்காக இன்னொருவர் செயற்பட அதிகாரம் தரும் பத்திரம்) வேண்டும். தொலைபேசியில் சொன்னது செல்லாது.

பின்னுரித்தாளர் கட்டம் வெறுமையாக விடப்படுவதுதான் நான் காணும் மிகப் பெரிய குறை. வைப்பாளர் இறந்தால், பெயர் குறித்த ஆள் இறப்புச் சான்றிதழோடும் தன் அடையாள அட்டையோடும் வந்து பணத்தைப் பெறலாம். பெயர் இல்லாவிட்டால் இறந்தவரின் சொத்தை உரியவருக்கு மாற்றும் மரணசாதன வழக்கு வரை போகவேண்டி வரலாம். சில இலட்சத்துக்காகச் சட்டத்தரணி கட்டணமும் நீதிமன்ற அலைச்சலும். பின்னுரித்தாளராகக் குறித்தவர் இறந்துவிட்டாலோ, மணமுறிவு ஆகிவிட்டாலோ மாற்றிக் கொடுக்கவும் மறக்கக்கூடாது. கோயில் பரிபாலன சபை, பள்ளிவாசல் நிர்வாகம், கமக்காரர் அமைப்பு, மீனவர் சங்கம் போன்றவற்றின் கணக்குகளில், மூன்று நிர்வாகத்துக்கு முந்திய பொருளாளரின் கையொப்பமே இன்றும் செல்லுபடியாகக் கிடக்கும். ஒவ்வொரு பொதுக்கூட்டத்துக்குப் பின்னும் தீர்மானப் பிரதியோடு கையொப்பக்காரரை மாற்றும் படிவத்தைக் கொடுங்கள்.

வருமான வரிச் சுய பிரகடனப் படிவத்தையும் காப்புறுதிப் படிவம் என்று நினைத்து நிரப்புகிறவர்கள் உண்டு. இரண்டுக்கும் தொடர்பில்லை. 2025 ஏப்ரல் 1 முதல் வைப்பு வட்டியில் 10 சதவீதம் வரி பிடிக்கப்படுகிறது. ஆண்டு வருமானம் 18 இலட்சத்துக்கு மேற்படாதவர், வரி செலுத்துநர் அடையாள இலக்கத்தைக் குறிப்பிட்டு அந்தப் பிரகடனத்தைக் கொடுத்தால் பிடிக்கமாட்டார்கள். வைப்பு வைத்திருக்கும் ஒவ்வொரு நிறுவனத்துக்கும் தனித்தனியே கொடுக்கவேண்டும். வரி ஆண்டு ஏப்ரல் 1 இல் தொடங்குவதால் ஒருமுறை கொடுத்ததோடு முடிந்துவிட்டது என்று இருந்துவிட முடியாது.

நிறுவனம் உண்மையில் மூடப்பட்டால் என்ன நடக்கும்? 2018 இல் சென்ட்ரல் இன்வெஸ்ட்மென்ட்ஸ் அன்ட் பினான்ஸ், 2020 மே மாதம் த பினான்ஸ் கம்பனி, அதே ஆண்டு யூலையில் ஈ.ரீ.ஐ. பினான்ஸ் என்று உரிமங்கள் இரத்தான வரலாறு நமக்கு உண்டு. மத்திய வங்கி பத்திரிகைகளில் அறிவித்தல் விடும். பணம் வழங்கும் முகவர் வங்கியை அதில் குறிப்பிடும். த பினான்ஸ் கம்பனி வைப்பாளர்களுக்கு மக்கள் வங்கிக் கிளைகள் மூலம் வழங்கப்பட்டது. கோரிக்கைப் படிவம் என்று ஒன்று வருவது அப்போதுதான். அதோடு மூல வைப்புச் சான்றிதழ் அல்லது பாஸ் புத்தகம், அடையாள அட்டையின் மூலமும் பிரதியும், பணம் போய்ச் சேரவேண்டிய உங்கள் வங்கிக் கணக்கின் இலக்கம் ஆகியவை தயாராக இருக்கவேண்டும். சான்றிதழ் தொலைந்திருந்தால் பொலிஸ் முறைப்பாட்டுப் பிரதி. மூலப் பத்திரத்தைக் கையளிக்கும்போது கட்டாயம் பற்றுச்சீட்டு எடுங்கள். இரு பக்கமும் படம் பிடித்து வைத்திருங்கள். 11 இலட்சத்துக்கு மேற்பட்ட மீதி, கம்பனியைக் கலைத்துச் சொத்துகளை விற்ற பின் வருவது; அது ஆண்டுக்கணக்கில் இழுபடும், முழுதாக வரும் என்ற உறுதியும் இல்லை. “விரைவாக எடுத்துத் தருகிறேன்” என்று தரகு கேட்பவரிடம் ஒரு பத்திரத்தையும் கொடுக்காதீர்கள்.

தொடாமல் கிடக்கும் கணக்குகள் வேறு கதை. பத்து ஆண்டுகள் எந்த நடமாட்டமும் இல்லாத வங்கிக் கணக்கு கைவிடப்பட்ட ஆதனமாக மத்திய வங்கிக்கு மாற்றப்படும். பணம் அழிந்துவிடாது, வங்கி மூலமாகக் கோரலாம். ஆனால் அந்த வகைக்குள் போனது வைப்புக் காப்புறுதியில் சேராது. போர்க்காலத்தில் இடம்பெயர்ந்தவர்களின் பழைய புத்தகங்கள் இன்னும் பெட்டிகளில் கிடக்கின்றன. புத்தகத்தோடு கிளைக்குப் போய் விசாரிக்கலாம். கிளை மூடப்பட்டிருந்தால் அந்த வங்கியின் எந்தக் கிளையிலும் கேட்கலாம்.

படிவம் தமிழில் இல்லை என்று சொல்லிச் சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ உள்ளதை நீட்டினால், தமிழ்ப் பிரதி வரும்வரை கையொப்பமிடாமல் காத்திருக்க வைப்பாளருக்கு முழு உரிமை உண்டு. நிரப்பாத கட்டங்களுக்குக் குறுக்காக ஒரு கோடு இழுங்கள். வெற்றுப் படிவத்தில் கையொப்பமிட்டுவிட்டு “மிச்சத்தை நீங்களே போடுங்கோ தம்பி” என்று வருவது எங்கள் ஊர்களில் பெரிய மனது என்று எண்ணப்படுகிறது. பிறகு அழுவதற்கு அதுவே வழி. நிரப்பிய படிவத்தின் பிரதியைக் கேட்டு வாங்குங்கள்.

குறை இருந்தால் முதலில் நிறுவனத்துக்கு எழுத்தில் கொடுத்து, பிரதியில் திகதி முத்திரை வாங்கவேண்டும். இந்த முதற்படி இல்லாமல் மேலே போனால், முதலில் நிறுவனத்திடம் கேளுங்கள் என்று திருப்பி அனுப்புவார்கள். தகுந்த பதில் வராவிட்டால் மத்திய வங்கியின் நிதியியல் நுகர்வோர் தொடர்புகள் திணைக்களத்துக்கு எழுதலாம். 1935 என்ற இலக்கத்தில் தமிழில் பேசலாம். கிளையின் பெயர், கணக்கு இலக்கம், சம்பவத் திகதி, முதல் முறைப்பாட்டின் பிரதி, நீங்கள் கேட்கும் பரிகாரம் ஆகிய ஐந்தும் முதல் பக்கத்திலேயே இருக்கட்டும். பத்துப் பக்கப் புலம்பல் கடிதத்தில் கணக்கு இலக்கம் விடுபட்டுப் போவதே வழக்கமாக நடக்கிறது. ஒரு நிறுவனத்தின் உரிமம் எந்த வகை என்று அறிவதற்கு 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் வரை போகவேண்டிய தேவையே இல்லை. மத்திய வங்கி இணையத்தளத்தில் உள்ள பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று பிள்ளைகளைக் கொண்டு பார்த்தாலே போதும். பெயரின் ஒவ்வொரு சொல்லும் பொருந்தவேண்டும், பாதிப் பெயர் பொருந்தினால் போதாது.

பொறுப்பானவர்களிடம் இரண்டு கோரிக்கைகள். இரு மாவட்டங்களிலும் உள்ள ஒவ்வொரு உறுப்பு நிறுவனமும் 11 இலட்சம், ஒரு வைப்பாளர், ஒரு நிறுவனம், எவை விலக்கு என்ற நான்கு விபரத்தையும் பெரிய தமிழ் எழுத்தில் கருமபீடத்துக்கு முன்னால் ஒட்டவேண்டும். உறுப்பினர் அல்லாத கிராமிய வங்கிகளும் நுண்நிதியக் கம்பனிகளும் தாங்கள் உறுப்பினர் அல்ல என்பதை அதே அளவு எழுத்தில் ஒட்டட்டும். இரண்டாவது, கிழக்கு மாகாணத்துக்கான மத்திய வங்கியின் பிராந்திய அலுவலகம் திருகோணமலையில் இருக்கிறது. பொத்துவிலில் இருந்தோ திருக்கோவிலில் இருந்தோ ஒரு படிவம் பற்றிக் கேட்க அங்கே போய்வருவது ஒரு நாட் கூலியை இழப்பது. பிரதேச செயலகங்கள் நடத்தும் நடமாடும் சேவைகளில், அடையாள அட்டைக்கும் பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்துக்கும் மேசை போடுவது போல மத்திய வங்கிக்கும் ஒரு மேசையும், தமிழ் பேசும் உத்தியோகத்தர் ஒருவரும் வேண்டும். அதே இடத்தில் சமாதான நீதவானும் இருப்பார் என்பதால் பெயர் வேறுபாட்டுச் சத்தியக் கடதாசியை அங்கேயே முடித்துவிடலாம்.

ஓய்வுநிலை வங்கி உத்தியோகத்தர்,
கல்லடி, மட்டக்களப்பு.